நேற்று எதைத் தேடினீர்கள்? தகவல் தணிக்கைக்கு ஓர் எளிய அறிமுகம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனி. அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். ஒரு நாள் காலையில் வாடிக்கையாளரிடமிருந்து போன். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அனுப்பிய பின்களில் ஒன்று உடைந்துவிட்டதாம். அந்த லாட்டுக்கான மெட்டீரியல் டெஸ்ட் சர்டிஃபிகேட் உடனே வேண்டுமாம். பின்களை வெட்டிச் செய்கிற கம்பி உருக்காலையிலிருந்து வரும்போது கூடவே வருகிற காகிதம் அது. கம்பியில் கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு, எந்த முறை உருக்கி ஊற்றியபோது வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த உருக்கு என்பதைச் சொல்கிற எண்ணுக்கு ஹீட் நம்பர் என்று பெயர்.

சர்டிஃபிகேட் கம்பெனியில் இல்லாமல் இல்லை. ஆனால் எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்று பேர் கைவேலையைப் போட்டுவிட்டுத் தேடினார்கள். கடைசியில் எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் மேசை டிராயரில், ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு பென் டிரைவில் கிடைத்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

அடுத்த வாரம் தகவல் தணிக்கைக்காக நான் போனபோது முதலாளி சொன்னார்: "எங்ககிட்ட எல்லாமே இருக்கு சார். கேட்டா எதுவும் கிடைக்க மாட்டேங்குது."

தகவல் தணிக்கை எதற்கு என்று இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நிறுவனத்தில் வேலை நடக்க என்னென்ன தகவல் தேவை, அது எங்கிருந்து வருகிறது, யார் கையில் நிற்கிறது, யாருக்குப் போய்ச் சேர வேண்டும், போய்ச் சேருகிறதா, சேராவிட்டால் என்ன ஆகிறது. இதை உட்கார்ந்து, நடந்து, கேட்டுப் பார்ப்பதுதான் அந்த வேலை.

பெயர்தான் கொஞ்சம் குழப்பும். தணிக்கை என்றால் பாதிப் பேருக்கு சினிமா சென்சார் நினைவுக்கு வரும். மீதிப் பேருக்கு, செப்டம்பர் நெருங்கினால் ஆபீசில் வந்து உட்காருகிற ஆடிட்டர். இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டம் 'ஹேக்கிங் பற்றித்தானே?' என்று கேட்கிறது. மூன்றும் இல்லை, ஆனால் கடைசி இரண்டுக்கும் கொஞ்சம் உறவு உண்டு. ஒரு வவுச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தணிக்கைக்கு வருகிறவர் அதில் எழுதியது சரியா என்று பார்ப்பார். கணினிப் பாதுகாப்புக்கு வருகிறவர் அது வேண்டாதவர் கைக்குப் போய்விடுமா என்று பார்ப்பார். தகவல் தணிக்கைக்கு வருகிறவர், இது யாருக்கு வேண்டும், அவர் கேட்டால் எத்தனை நிமிஷத்தில் கிடைக்கும் என்று பார்ப்பார்.

உண்மையில் இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தால்தான் மற்ற இரண்டும் ஓடும். ஓர் உதாரணம்: இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. கணினிகளில் ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தார், என்ன செய்தார் என்று கணினி அமைப்புகள் தாமே எழுதி வைக்கிற லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் எந்தப் பதிவு எந்த மெஷினில் இருக்கிறது என்று தெரியாத ஆபீசில், அதைக் கண்டுபிடிப்பதற்கே ஆறு மணி நேரம் போய்விடும்.

நூலகத்திலிருந்து வந்த வேலை

இந்த வேலையைக் கண்டுபிடித்தவர்கள் ஆடிட்டர்கள் இல்லை, நூலகர்கள். மேல்நாட்டுப் பெரிய கம்பெனிகளில் தனி நூலகங்கள் இருந்தன. ஆராய்ச்சி இதழ்களுக்குச் சந்தா ஏறிக்கொண்டே போனபோது, 'இதையெல்லாம் யாராவது படிக்கிறார்களா?' என்ற கேள்வி எழுந்தது. யார் படிக்கிறார்கள் என்று கேட்கப் போன நூலகர்கள், தாங்கள் வாங்கிக் கொடுக்காத எத்தனையோ தகவலை வைத்துத்தான் அங்கே வேலையே நடக்கிறது என்பதைப் பார்த்தார்கள். தனி டைரிகள், போன் பேச்சு, பக்கத்து மேசைக்காரரின் ஞாபகம். 1988இல் பர்க், ஹார்ட்டன் என்ற இரண்டு பேர், நிறுவனத்தின் தகவல் வளங்களைத் தேடிப் பட்டியலிட்டு வரைபடமாகப் போடும் முறையை எழுதினார்கள். 2001இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சூ ஹென்செல் அதை ஏழு படிகளாக வகுத்தார்: திட்டமிடுவது, விவரம் திரட்டுவது, அலசுவது, மதிப்பிடுவது, பரிந்துரையைச் சொல்வது, நடைமுறைப்படுத்துவது, பிறகு இதையே மறுபடி மறுபடி செய்வது. இந்தத் துறையில் இன்றும் பெரும்பாலானவர்கள் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி இதுதான். ஏழாவது படியை மட்டும் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

எனக்கு என்னவோ இதன் வேர் நம் ஊரிலேயே இருப்பதாகத்தான் தோன்றும். ரங்கநாதன் என்றதும் தி. நகர் தெரு நினைவுக்கு வரும், இவர் வேறு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகம் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர். 'புத்தகம்' என்ற இடத்தில் 'பைல்' என்றும், 'வாசகர்' என்ற இடத்தில் 'வேலை பார்க்கிறவர்' என்றும் போட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டாவது விதி, தேவைப்படுகிறவருக்குத் தகவல் போகிறதா என்று கேட்கிறது. மூன்றாவது விதி அதைத் திருப்பிப் போட்டு, யாருமே எடுக்காத இந்தப் பைல் எதற்கு இங்கே என்று கேட்கிறது. நான்காவதுதான் அந்த இரண்டு நாள்.

என்னைத்தான் எல்லாரும் தேடுறாங்க

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் பதினான்கு பக்கப் படிவம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். 'உங்கள் பிரிவில் உருவாகும் தகவல் வகைகளைக் குறிப்பிடுக' என்று ஆரம்பிக்கும். மக்கள் பாவம், மரியாதைக்காக நிரப்பிக் கொடுத்தார்கள். ஆம், ஆம், இல்லை, பொருந்தாது. ஒருவர் எல்லாக் கட்டத்திலும் 'மேலாளரைக் கேட்கவும்' என்று எழுதியிருந்தார். மேலாளரின் படிவம் காலியாக வந்தது.

ஆடிட் என்ற சொல்லுக்கே லத்தீனில் 'கேட்பது' என்றுதான் வேர். அந்தக் காலத்தில் ஒருவர் கணக்கை உரக்க வாசிப்பார். இன்னொருவர் காதால் கேட்டுச் சரிபார்ப்பார். இது தெரிந்த பிறகு படிவத்தை மூட்டை கட்டிவிட்டேன். இப்போது ஒரே ஒரு கேள்வியோடு போகிறேன்: நேற்று காலை உள்ளே வந்ததிலிருந்து சாயந்தரம் கிளம்பும் வரை எதையெல்லாம் தேடினீர்கள்?

அம்பத்தூர் கம்பெனியில் இதை முதலில் அக்கவுண்ட்ஸ் மேடத்திடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "நான் எங்க சார் தேடறேன்? என்னைத்தான் எல்லாரும் தேடுறாங்க."

அன்று மதியம் வரை அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். டிஸ்பேட்ச் பையன் வந்து, சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஈ-வே பில் எடுத்தாயிற்றா என்று கேட்டான். பர்சேஸிலிருந்து ஒரு சப்ளையரின் ஜிஎஸ்டி எண் கேட்டு இன்டர்காம். முதலாளி போனில் கோயம்புத்தூர் பார்ட்டி எவ்வளவு பாக்கி என்றார். செக்யூரிட்டி வந்து, வெளியே நிற்கிற வண்டிக்கு கேட் பாஸில் யார் கையெழுத்து என்றார். மறுபடியும் டிஸ்பேட்ச் பையன். ஒன்றரை மணிக்குள் பதினொரு பேர். ஒருவர்கூட ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. எல்லோருக்கும் பதில் கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் பதினொன்றில் ஏழு பதில்கள் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் இருந்தவை. டாலி அவர் மெஷினில் மட்டும்தான் திறக்கும். அவர் லீவு போட்ட நாட்களின் டிஸ்பேட்ச் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அந்த நாட்களில் வண்டிகள் சாயந்தரத்துக்குப் பிறகுதான் கேட்டைத் தாண்டியிருக்கின்றன.

எந்த பீரோவை எண்ணியிருந்தாலும் இது தெரிந்திருக்காது. இந்தத் துறையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்: பைலிலிருந்து ஆரம்பித்தால் பைல்களின் பட்டியல்தான் கிடைக்கும். தேடுகிற ஆளிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம் ஸ்டோர்ஸுக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. மேசை மேல் நீள நோட்டு. கம்பி லாரியில் வந்து இறங்கியதும் தேதி, சப்ளையர், அளவு, எடை, ஹீட் நம்பர் எல்லாம் நீல மையில் எழுதிவிடுவார். கம்பிக் கட்டில் தொங்குகிற தகரச் சீட்டிலிருந்து எண்ணைப் பார்த்து எழுதுவார். பிறகு கம்பியின் ஒரு முனையில் பெயிண்ட் அடிப்பார். மஞ்சள் என்றால் ஒரு கிரேடு, நீலம் என்றால் இன்னொன்று. வெட்டும்போது பெயிண்ட் இல்லாத முனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் மிச்சக் கம்பி எந்தக் கிரேடு என்றே தெரியாமல் போய்விடும். இது எந்த மேனுவலிலும் எழுதியிருக்கவில்லை. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பின்னால் அலமாரியில் பழைய நோட்டுகள் வருஷ வாரியாக அடுக்கியிருந்தன.

"இந்த நோட்டை யாராவது வந்து பார்ப்பாங்களா அண்ணா?"

"யாரும் பார்த்ததில்ல சார். நான் எழுதறேன்னு ஆபீஸ்ல தெரியுமான்னே தெரியல."

நாலு நூல், முடிச்சு இல்லை

கேட்டதையெல்லாம் சார்ட் பேப்பரில் படமாகப் போட்டேன். தகவல் வரைபடம் என்று பெரிய பெயர் இருந்தாலும், அம்புக்குறி போட்ட கோலம்தான் அது. டெஸ்ட் சர்டிஃபிகேட் எங்கே போகிறது என்ற ஒரு கோட்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சப்ளையர் சர்டிஃபிகேட்டை ஈமெயிலில் பர்சேஸுக்கு அனுப்புகிறார். பர்சேஸ் அதைக் குவாலிட்டிக்குத் தள்ளிவிடுகிறது. குவாலிட்டியில் பிரிண்ட் எடுத்து, வந்த தேதிப்படி பாக்ஸ் பைலில் போடுகிறார்கள். இது ஒரு நூல். கம்பி ஸ்டோர்ஸ் நோட்டில் ஹீட் நம்பரோடு பதிவாகிறது. இது இரண்டாவது. லேத்துக்குப் போகும்போது கூடவே போகிற ஜாப் கார்டில் பார்ட் நம்பர் மட்டும் இருக்கிறது. மூன்றாவது. டெலிவரி போகும்போது இன்வாய்ஸ் நம்பர். நாலாவது. வாடிக்கையாளர் என்ன சொல்லிக் கேட்கிறார்? பார்ட் நம்பரும் மாதமும்.

நாலு நூலும் அறுந்து போகவில்லை. நாலு பேரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடத்தான் ஆள் இல்லை. அந்த முடிச்சைத் தன் தலைக்குள்ளும் பென் டிரைவிலும் வைத்திருந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

பரிந்துரை என்ன? ஜாப் கார்டில் இரண்டு கட்டம் சேர்ப்பது. ஸ்டோர்ஸிலிருந்து கம்பி போகும்போது அண்ணா ஹீட் நம்பரை எழுதுவார். டெலிவரி போகும்போது டிஸ்பேட்ச் பையன் இன்வாய்ஸ் நம்பரை எழுதுவான். குவாலிட்டியில் சர்டிஃபிகேட்டைத் தேதிக்குப் பதிலாக ஹீட் நம்பர் வரிசையில் அடுக்க வேண்டும். முதலாளிக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கொட்டேஷன் அவர் மேசை மேல் இருந்தது. அதை வாங்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். சாஃப்ட்வேர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முடிச்சு எங்கே என்று தெரியாமல் வாங்கினால், அறுந்த நூல்களை அழகாகத் திரையில் காட்டும், அவ்வளவுதான்.

இப்படிப் படம் போட்டால் வழக்கமாகச் சில கோளாறுகள் கண்ணில் படும். ஒரே தகவலை மூன்று பேர் தனித்தனி எக்செல்லில் எழுதி, மூன்றிலும் வேறு வேறு எண் இருப்பது. ஒருவர் மாதாமாதம் மாங்கு மாங்கென்று தயாரிக்கிற ரிப்போர்ட்டை வாங்குகிறவர் திறந்தே பார்க்காதது. உதிரிபாகத்தின் அளவுகளைக் காட்டும் டிராயிங் திருத்தப்பட்டு வாட்ஸாப் குரூப்பில் வந்திருக்க, மெஷின் ஓடுகிற ஷாப்பில் பழைய திருத்தமே ஒட்டியிருப்பது. கடைசியாகச் சொன்னது பணத்தைத் தின்னும். வெட்டிய பிறகுதான் அளவு தப்பு என்று தெரியும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இல்லாத இரண்டு விஷயங்களை சென்னையில் அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது, பெயர். நம்மில் பலருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அந்த இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார். பாஸ்போர்ட் எடுத்தவருக்கு அது விரிந்து அப்பா பெயராகவே ஆகிவிடும். ழகரம் வருகிற பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதலாம். ஆக ஒரே தமிழ்ச்செல்வி ஒரு மருத்துவமனையின் பதிவேட்டில் மூன்று நோயாளியாக இருக்க முடியும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். ஒரு பட்டியலில் பூந்தமல்லி, இன்னொன்றில் பூவிருந்தவல்லி. ஒன்றில் மவுண்ட் ரோடு, இன்னொன்றில் அண்ணா சாலை. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்று என்று யார் சொல்வது? தணிக்கையில் ஒரு பட்டியலைக் கையில் எடுத்தால், இருபது பெயரை இன்னொரு பட்டியலோடு நான் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அந்த இருபதிலேயே லட்சணம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, எழுத்துரு. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழில் தட்டச்சு செய்த கோப்புகள் ஏராளம். பாமினி, வானவில் என்று அப்போது ஒவ்வொருவரும் ஒரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் திரை முழுக்கப் பூச்சி பூச்சியாக ஆங்கில எழுத்தும் குறியீடும்தான் வரும். கோப்பு பத்திரமாக இருக்கிறது. யாராலும் படிக்க முடியாது. தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அதில் தமிழே இல்லை. மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று தெரிந்த ஆள் ஆபீசில் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கலாம். சென்னையில் தகவல் தணிக்கை செய்கிறவர் 'இந்த பீரோ எந்த மாடியில் இருக்கிறது?' என்று கட்டாயம் கேட்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் தரைத்தளத்தில் இருந்த ஆபீஸ்களுக்கு என்ன ஆயிற்று என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்திரம், சான்றிதழ் எல்லாம் தண்ணீரில் போனவர்களுக்கு நகல் கொடுக்க அரசாங்கமே தனி முகாம் போட்டது. தனி ஆளுக்காவது முகாம் இருந்தது. கம்பெனியின் டிராயிங்குக்கு யார் முகாம் போடுவார்கள்? தரையிலிருந்து அடி தட்டு எவ்வளவு உயரம் என்று ஸ்கேலால் அளந்து ரிப்போர்ட்டில் எழுதுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள்.

எத்தனை நாள் வைத்திருப்பது?

எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி இது. பெரும்பாலோர் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள்; 'எதற்கும் இருக்கட்டும்' என்பதுதான் நம் ஆவணக் கொள்கை. சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தில், அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால் கூடுதலாக வைத்திருக்க வேண்டிவரும். அதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை நாளும் அதிகமாக வைத்திருப்பதால் இடம் மட்டும்தான் போயிற்று. இனி அப்படியில்லை. 2023 ஆகஸ்டில் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் அமலுக்கு வரும். ஒருவரின் விவரத்தை எதற்காக வாங்கினீர்களோ அந்தக் காரியம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, அழித்துவிட வேண்டும் என்கிறது சட்டம். தரவைக் காக்கத் தேவையான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம்.

இது டிஜிட்டல் தரவுக்கான சட்டம்தான். ஆனால் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் காகிதமும் அதற்குள் வந்துவிடும். இதைப் படித்ததும் உங்கள் ஆபீசில் எத்தனை ஆதார் ஜெராக்ஸ் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நான் போன ஓர் ஆபீசில் ஒரு பக்கம் பிரிண்ட் ஆன தாள்களைச் சேர்த்துத் தைத்து ரஃப் பேட் செய்து கொடுத்திருந்தார்கள். சிக்கனம்தான், பாராட்டலாம். எனக்குக் குறிப்பு எழுத ஒன்றைக் கொடுத்தார்கள். திருப்பினால் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணின் பயோடேட்டா. முகவரி, போன் நம்பர், பிறந்த தேதி, போட்டோ. அந்தத் தாளைக் கிழித்து அவர்களிடமே கொடுத்துவிட்டு என் சொந்த நோட்டில் எழுதினேன்.

அரசு அலுவலகங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கே எல்லாம் குப்பை என்று பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு உதவியாளரும் தன்னிடம் வந்த கோப்புகளைக் குறித்து வைக்கிற 'தன் பதிவேடு', கடிதத்தின் தலையில் போடுகிற ந.க. எண், கோப்பை முடிக்கும்போதே இது எத்தனை வருஷத்துக்கு இருக்க வேண்டும் என்று குறித்துவிடுவது, இதெல்லாம் டாட்டன்ஹாம் முறை என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிறது. ஒழுங்காக எழுதினால், எந்தக் கோப்பு யார் மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று சொல்லிவிடும். பல தனியார் கம்பெனிகளில் இந்த அளவுகூடக் கிடையாது. தமிழ்நாடு 1997லேயே தனக்கென்று தகவல் பெறும் உரிமைச் சட்டம் போட்டது; 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. அதன் 4ஆம் பிரிவு, பொது அமைப்புகள் தங்கள் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணையிட்டு வைக்க வேண்டும் என்றும், 17 வகை விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டு, முப்பது நாள் காத்திருந்து, 'கோப்பு கிடைக்கப்பெறவில்லை' என்று பதில் வாங்கியவர்களுக்குத் தெரியும், அந்தப் பிரிவின் முதல் வரி எவ்வளவு முக்கியம் என்று.

எழுதிக் கொடுத்துட்டா எனக்கு என்ன வேலை?

படிப்புத்தகங்களில் அதிகம் வராத ஒரு விஷயம் இருக்கிறது. அம்பத்தூர் ஸ்டோர்ஸில் மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது அண்ணா மெதுவாகக் கேட்டார். அதற்குள் சார் போய்த் தம்பி ஆகியிருந்தேன். "ஏன் தம்பி, பெயிண்ட் கணக்கு, நோட்டு எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா, அப்புறம் எனக்கு என்ன வேலை?"

அந்தப் பயம் நியாயமானது. தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றுதான் பலருக்கு வேலைப் பாதுகாப்பு. தகவலைப் பகிருங்கள் என்று மேலே இருந்து சொல்வது எளிது. பகிர்ந்த பிறகு ஆளைக் குறைத்த கம்பெனிகளும் இருக்கின்றன. அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே முதலாளியிடம் இரண்டு விஷயத்தைப் பேசிக்கொள்வது என் வழக்கம். ரிப்போர்ட்டில் யார் பெயரும் வராது, பதவியும் வேலையும்தான் வரும். இதைக் காரணம் காட்டி யாரையும் அனுப்பக் கூடாது. இதற்குச் சரி என்று சொல்லாத இடத்தில் உண்மையான வரைபடம் கிடைக்காது. ஆம், ஆம், பொருந்தாதுதான் கிடைக்கும். ஒரு இளைஞனை ஆறு மாதம் அண்ணாவின் கூடவே விடும்படி முதலாளியிடம் சொன்னேன். சொல்லிக் கொடுக்கிறவர் என்ற இடம் கிடைத்ததும் அவரே நோட்டின் முதல் பக்கத்தில் நிறக் கணக்கை எழுதி வைத்துவிட்டார்.

உங்கள் ஆபீசில் நீங்களே செய்து பார்க்கலாம். கம்பெனி முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். ஆறு மாதம் இழுத்து அலமாரியில் தூங்கப்போகும். சமீபத்தில் தேடித் தேடி அலுத்த ஒரே ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்கே பிறந்தது, யார் யார் கையைத் தொட்டது, ஒவ்வொருவரும் அதை என்ன பெயரில், என்ன வரிசையில் வைக்கிறார்கள், கடைசியில் கேட்டவர் எதைச் சொல்லிக் கேட்டார் என்று பின்னாலிருந்து நடந்து போங்கள். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் 'இவர் நாளைக்கு வராவிட்டால்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரம் போதும். முதல் சார்ட் பேப்பர் தப்பாகத்தான் வரும். அதைச் சுவரில் ஒட்டி விட்டால், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று 'இது இப்படி இல்லை சார்' என்று திருத்திக் கொடுப்பார்கள். அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு வேண்டியது.

சொன்னேனே, ஏழாவது படி, மறுபடி செய்வது. ஒரு வருஷம் கழித்து அம்பத்தூருக்குப் போனேன். ஜாப் கார்டில் இரண்டு கட்டமும் நிரம்பியிருந்தன. ஹீட் நம்பர் இப்போது அந்த இளைஞனின் கையெழுத்தில். டாலி இன்னொரு மெஷினிலும் திறந்தது. வாட்ஸாப்பில் டிராயிங் அனுப்புவது நிற்கவில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. பழைய திருத்தத்தை ஷாப்பிலிருந்து எடுத்துவிட்டு வந்து குரூப்பில் 'எடுத்தாச்சு' என்று போடுகிற பழக்கம் மட்டும் வந்திருந்தது. பழைய இன்வாய்ஸ் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு உருவி எடுத்து, இதற்கான டெஸ்ட் சர்டிஃபிகேட் வேண்டும் என்று கேட்டுவிட்டு போனில் நேரத்தை ஓடவிட்டேன். ஜாப் கார்டு, ஹீட் நம்பர், பாக்ஸ் பைல் இருக்கும் பீரோ என்று ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். காகிதம் கைக்கு வரும்போது பதினாறு நிமிஷம் ஆகியிருந்தது. மிச்சப் பதினைந்து நிமிஷம் பீரோ சாவியைத் தேடியதில் போயிற்று. சாவி யாரிடம் என்று என் வரைபடத்தில் நான் எழுதியிருக்கவில்லை.